பதினொன்றரை மணிக்கு அடித்த லாங் பெல்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய குப்பைமேடு மாதிரி இருக்கும். பிழைகளும் நிறைய இருக்கும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் நண்டு பிடிக்கப் போய்விட்டேன். பள்ளி ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்ன தமிழ் மிஸ்ஸிடம் இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "நீங்க எழுதுங்கண்ணே, நான் திருத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். ஆகவே இதில் சரியாக இருப்பதெல்லாம் மிஸ்ஸுடையது. மிச்சம் என்னுடையது.

எழுத ஒப்புக்கொண்டதற்கு இன்னொரு காரணம் என் மகள் தர்ஷினி. இந்தக் கதையை அவள் நாலைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லச் சொல்ல அது வளர்கிறது. போன பொங்கலுக்குச் சொன்னபோது அதில் ஒரு ஹெலிகாப்டர் வந்துவிட்டது. இதற்குமேல் விடக்கூடாது என்று, நடந்ததை நடந்தபடி எழுத உட்கார்ந்தேன். ஹெலிகாப்டர் வரவில்லை. மற்றதெல்லாம் கிட்டத்தட்ட உண்மைதான், அதுதான் சங்கடம்.

நெம்மேலியிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில், கடல் பக்கம் உள்ளே திரும்பினால் எங்கள் பள்ளிக்கூடம். என் பெயர் ஏகாம்பரம். அங்கே மணி அடிக்கிற வேலை. வாசல் கதவைத் திறந்து மூடுவதும் என் பொறுப்புதான். எனக்குக் கூச்சம் அதிகம். யாராவது என்னையே பார்த்தால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. (இரண்டு கை எதற்குக் கொடுத்தான் கடவுள் என்று அப்போதெல்லாம் தோன்றும்.) அதனால் மணி அடிக்கும்போதும் சுவரைப் பார்த்து நின்று, கண்ணை மூடிக்கொண்டுதான் அடிப்பேன். வாய்க்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டு பேசுகிற வேலை, என்னைப் போன்றவனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

அந்தத் தண்டவாளத் துண்டு சொல்வது எல்லாப் பிள்ளைக்கும் புரியும். ஒரு அடி அடித்தால் பீரியட் முடிந்தது. இரண்டு அடித்தால் இன்டர்வெல். விடாமல் அடித்தால் லாங் பெல். வீட்டுக்குப் போகலாம். எல்.கே.ஜி. பிள்ளைக்கு அ, ஆ தெரிவதற்கு முன்னாலேயே லாங் பெல் தெரிந்துவிடும்.

அந்த வருஷம் எங்கள் பள்ளிக்கு எட்டாம் வகுப்பு வரைதான் அரசாங்க அங்கீகாரம் இருந்தது. ஒன்பதாம் வகுப்பை ஆரம்பித்துவிட்டு, பத்து வரைக்கும் அங்கீகாரம் கேட்டு எழுதிப் போட்டிருந்தார்கள். (ஆரம்பித்துவிட்டுக் கேட்பது முறையா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் மணி அடிப்பவன்.) ஒன்பதாம் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். அதில் தர்ஷினியும் ஒருத்தி. அவள்தான் வகுப்பு லீடர்.

அங்கீகாரம் என்பது பிரின்ஸிபால் மேடம் அறைச் சுவரில் மாட்டுகிற ஒரு கண்ணாடிச் சட்டம் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். படாளத்தில் என் அக்கா மகள் படித்த பள்ளிக்கூடம் அந்த நினைப்பைக் கெடுத்தது. அங்கே டை இருந்தது, ஷூ இருந்தது, வேன் இருந்தது, ஆண்டு விழாவில் புகை விட்டு டான்ஸ் இருந்தது. அங்கீகாரம் மட்டும் இல்லை. அது தெரிந்ததே பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கியபோதுதான். அங்கீகாரம் இல்லாத பள்ளி தன் பெயரில் பிள்ளைகளைப் பொதுத்தேர்வுக்கு அனுப்ப முடியாதாம். அந்தப் பெண் ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்து, அடுத்த வருஷம் தனியாகப் பணம் கட்டி எழுதினாள். கூடப் படித்தவர்களில் சிலர் எழுதவே இல்லை. அப்படியே கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள்.

எங்களுக்கும் அங்கீகாரம் கிடைக்காவிட்டால் அந்த இருபத்திரண்டு பிள்ளைகளும் பாதி வருஷத்தில் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளி தேடவேண்டும். எங்கள் ஊரிலிருந்து பக்கத்து உயர்நிலைப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். என் மனைவி செல்வி ஒரே தடவைதான் சொன்னாள்: "ரெண்டு பஸ்ஸுன்னா நான் அனுப்பமாட்டேன்." செல்வி எதையும் இரண்டாம் தடவை சொல்லமாட்டாள். சொல்லவேண்டிய அவசியமும் வந்ததில்லை. தர்ஷினி அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தாள்.

இதுதான் நிலவரம். கட்டடம் உறுதி என்று ஒரு சான்று, தண்ணீரும் கழிப்பறையும் சுத்தம் என்று ஒரு சான்று, தீயணைப்புத் துறையின் சான்று, ஆசிரியர்களின் படிப்புச் சான்று என்று சேர்ந்து கோப்பு ஒரு கைக்குழந்தை கனத்துக்கு வந்துவிட்டது. காகிதத்தில் இருப்பது தரையிலும் இருக்கிறதா என்று பார்க்க ஒரு குழு நேரில் வரும். வந்தால் ஆபத்து ஒத்திகை நடத்திக் காட்டச் சொல்வார்கள் என்று மேடத்துக்குத் தகவல் கிடைத்தது.

அதற்காக ஒரு கை மைக் வாங்கினார்கள். பின்பக்கப் பொத்தானை அழுத்தினால் ஆம்புலன்ஸ் மாதிரி அலறும். அழுத்துவது என் வேலை. அலறல் கேட்டதும் பிள்ளைகள் பையைத் தொடாமல், ஓடாமல், வரிசையாக மைதானத்துப் புங்கமரத்தடிக்கு வரவேண்டும். வகுப்பு லீடர் வகுப்பின் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்கவேண்டும். மிஸ் எண்ணிப் பார்க்கவேண்டும். மூன்று முறை ஒத்திகை பார்த்தோம். மூன்று முறையும் பட்டு நூல் இழுத்தது போல வந்தது. மேடம் என்னிடம், "ஏகாம்பரம், அன்னைக்கு உங்க வேலை ஒரே ஒரு பொத்தான். அதை மட்டும் பாத்துக்கங்க" என்றார்.

பார்த்துக்கொண்டேன். அன்று காலை ஏழு மணிக்கே வந்து பொத்தானை அழுத்திப் பார்த்தேன். அலறியது. ஏழரைக்கு ஒரு சந்தேகம், இன்னும் அலறுமா என்று. மைக்கை மார்போடு அணைத்துச் சத்தம் வெளியே போகாமல் அழுத்தினேன். அலறியது. எட்டு மணிக்கு, எட்டரைக்கு, பிரேயருக்கு முன்னால், பிரேயருக்குப் பின்னால். ஆய்வுக் குழுவின் கார் வாசலில் திரும்பியபோது கடைசியாக ஒரு முறை. கொஞ்சம் குரல் கம்மியது போல இருந்தது. என் தொண்டையும் அப்படித்தான் இருந்தது, ஆகவே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேட்டரி என்று ஒன்று உள்ளே இருக்கிறது, அது தீரும் என்பது அந்த நேரத்தில் என் புத்திக்கு வரவில்லை.

குழுவில் இரண்டு பேர். அதிகாரி அம்மா ஒருவர், சிரித்தால் அரசாங்கத்துக்குச் செலவு என்பது போல முகம். இன்னொருவர் ஒல்லியான சார், கையில் அளக்கும் டேப். ஒரு வகுப்புக்கு இத்தனை பிள்ளை, ஒரு பிள்ளைக்கு இத்தனை சதுர அடி என்று அளந்துகொண்டே போனார். ஜன்னல்களை எண்ணினார். கழிப்பறையில் குழாயைத் திறந்து பார்த்தார். ஏணியைத் திட்டிக்கொண்டே ஏறி மொட்டைமாடித் தொட்டிக்குள்ளும் எட்டிப் பார்த்தார். எல்லாம் நன்றாகவே போயிற்று. வண்டிகளையும் பார்ப்பார்கள் என்பதால் நாலு வேன்களும் டிரைவரோடு வாசல் பக்கம் வரிசையாக நின்றன. முதல் வேன் என் மச்சான் டில்லிபாபுவுடையது.

பதினொன்றரை மணி. ஒல்லியான சார் டில்லியின் வேனுக்குள் ஏறி, பின்னால் இருக்கிற அவசர வழிக் கதவையும் முதலுதவிப் பெட்டியையும் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி அம்மா வராந்தாவில் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இப்போ தீப்பிடிச்சிருக்கு" என்றார். தலைவலி என்று சொல்வது போலச் சொன்னார்.

நான் பொத்தானை அழுத்தினேன். மைக், எலி மூக்குச் சிந்தியது போல ஒரு சத்தம் போட்டது. மறுபடி அழுத்தினேன். அதுவும் இல்லை. மேடத்தின் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"எதையாவது அடிங்க ஏகாம்பரம்" என்றார், உதடு அசையாமல்.

ஓடினேன். சுத்தியலை எடுத்தேன். சுவரைப் பார்த்து நின்றேன். அந்த ஒரு நொடியில் நான் யோசித்ததை இங்கே எழுதியாக வேண்டும். ஒரு அடி அடித்தால் பீரியட் முடிந்தது என்று நினைப்பார்கள். இரண்டு அடித்தால் கடலை மிட்டாய் வாங்கப் போவார்கள். தீப்பிடித்ததற்கு அதெல்லாம் போதாது. விடாமல் அடிக்கவேண்டும். அப்போதுதான் அவசரம் புரியும். இதை நினைத்ததும் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு விடாமல் அடித்தேன். நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் அடித்த மணிகளிலேயே அழகான மணி அதுதான்.

இதில் பிள்ளைகள்மேல் தப்பே இல்லை. அது மழைக்காலம். அந்த மாதத்தில் மட்டும் இரண்டு முறை மதியத்திலேயே லாங் பெல் அடித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். அன்றும் வானம் கறுத்துத் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. தவிரவும், லாங் பெல் கேட்டால் மணி என்ன என்று பார்க்கிற பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. இரண்டு மிஸ்கள்கூடக் கைப்பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். (பெயர் சொல்லமாட்டேன். ஒருவர் இதைத் திருத்தப்போகிறவர்.)

யாரோ என் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். மேடம். கண்ணைத் திறந்து திரும்பினேன்.

மைதானம் துடைத்துவிட்டது போல இருந்தது. வேன்கள் நின்ற இடத்தில் டயர் தடம். சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ஒரு சைக்கிள் இல்லை. முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகள் படித்த பள்ளியில் ஒற்றைச் செருப்பு ஒன்று தூறலில் நனைந்துகொண்டிருந்தது. புங்கமரத்தடியில் மட்டும், 'ஒன்பதாம் வகுப்பு' என்ற அட்டையைப் பிடித்துக்கொண்டு, நேராக, பையைத் தொடாமல், விதிப்படி ஒரே ஒரு பெண் நின்றிருந்தாள்.

தர்ஷினி என்னைப் பார்த்தாள். அழவில்லை. "இன்னாப்பா பண்ணி வச்சிகீற" என்றாள், மெதுவாக. அந்த மெதுவுக்கு அழுதிருக்கலாம்.

அதிகாரி அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "எங்க சாரைக் காணோம்" என்றார். அதே நேரத்தில் அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். பின்னணியில் நாற்பது குழந்தைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருக்க, நடுவில் ஒல்லியான சாரின் குரல் கேட்டது.

"மேடம், நான் நெம்மேலியில இருக்கேன்."

நடந்தது இதுதான். சார் வேனின் கடைசி சீட்டுக்குப் பின்னால் குனிந்து முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது லாங் பெல் அடித்தது. அவர் நிமிர்வதற்குள் வேன் நிரம்பிவிட்டது. நடைபாதை முழுக்கப் பைகள். டில்லி லாங் பெல் கேட்டால் பின்னால் திரும்பிப் பார்க்கிறவன் இல்லை. சார், "நிறுத்துப்பா" என்று கத்தியிருக்கிறார். ஆறாம் வகுப்புப் பையன் எவனோ பெரியவர் குரலில் கிண்டல் செய்கிறான் என்று நினைத்த டில்லி, "ஸ்டாப்பிங் வந்தாத்தான் நிறுத்துவேன், மூடிகினு குந்து நைனா" என்றிருக்கிறான்.

இதுவரை உண்மை. வேன் ஆயா கன்னியம்மா அவரையும் இறங்கவிடாமல், "உன்ன இட்டுகினு போக வூட்ல இருந்து யார்னா வரட்டும்" என்று சொன்னதாக என் மகள் சொல்வது பொய். அப்படிச் சொல்லவில்லை என்று கன்னியம்மாவே என்னிடம் சொன்னாள். "நெனச்சேன், சொல்லல" என்றாள்.

அதிகாரி அம்மா போனை வைத்துவிட்டு, "மணி அடிச்சது யாரு?" என்றார்.

பூமி பிளக்கவில்லை. நான் கையைத் தூக்கினேன். சுத்தியலும் கூடவே வந்தது.

அதிகாரி அம்மா என்னை மேடத்தின் அறைக்குள் அழைத்து உட்காரச் சொன்னார். அந்த நாற்காலியில் அதுவரை நான் உட்கார்ந்ததில்லை, துடைத்திருக்கிறேன்.

"இப்போ இந்த ஸ்கூலுக்குள்ள எத்தனை பிள்ளைங்க இருக்காங்க?"

"ஒண்ணு மேடம்."

"எப்படிச் சொல்றீங்க?"

"அது என் பொண்ணு மேடம்."

அவர் சிரிக்கவில்லை. மணியை விடுங்கள் என்றார். நிஜமாகவே தீப்பிடித்திருந்தால், ஒவ்வொரு பிள்ளையும் எங்கே இருக்கிறது என்று இந்தப் பள்ளியில் யாருக்காவது தெரியுமா, தனக்கு அது மட்டும் தெரிந்தால் போதும் என்றார். மேடம் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். அதில் யார் வந்தார்கள் என்று இருந்தது. எப்படிப் போவார்கள் என்று இல்லை.

வாசலில் நிற்கிறவனுக்கு அது தெரியும். யார் யாருடன் போகிறது என்று தினமும் பார்ப்பதுதானே என் வேலை. தலையைக் குனிந்துகொண்டே சொல்ல ஆரம்பித்தேன். மூணாம் வகுப்பு கிஷோர் அவன் அக்கா சைக்கிளில் பின்னால். நாலாம் வகுப்பில் மூன்று பேர் மீன் வண்டிக்கார அண்ணனோடு. ஐந்தாம் வகுப்பு ரெட்டைப் பிள்ளைகள் நடந்து போய்ப் பெட்டிக்கடையில் நிற்பார்கள், அம்மா வந்து அழைத்துப் போவாள். நான் சொல்லச் சொல்ல தர்ஷினி பதிவேட்டில் கோடு போட, மேடமும் மிஸ்களும் வீடு வீடாகப் போன் செய்தார்கள். என் வாழ்நாளில் நான் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். கல்யாணத்தன்றுகூட இவ்வளவு பேசவில்லை என்று செல்வி சொல்வாள்.

எல்லாப் பெயரிலும் கோடு விழுந்தது. ஒன்றைத் தவிர. இரண்டாம் வகுப்பு ரித்திகா.

வேனிலும் இல்லை. வீட்டுக்கும் போகவில்லை. அவள் அம்மா போனில், "எங்க மேடம் என் புள்ள" என்று கேட்டது அறை முழுக்கக் கேட்டது. எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். தர்ஷினிதான் கண்டுபிடித்தாள். காலையில் காய்ச்சல் என்று சிக் ரூமில் படுக்க வைத்திருந்தார்கள். மருந்து சாப்பிட்டு, நான் அடித்த அத்தனை அடியிலும் எழாமல், போர்வையை இழுத்துப் போர்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அதிகாரி அம்மா அந்தக் கட்டிலின் பக்கத்தில் வந்து நின்றார். "ஒண்ணு இல்ல, ரெண்டு" என்றார் என்னிடம். நான் அந்தப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

மூன்று ஒத்திகையிலும் பட்டு நூல் இழுத்தது போல வந்தோமே, அப்போது யாருக்குமே சிக் ரூம் என்று ஒன்று இருப்பது தோன்றவில்லை. தினமும் பார்க்கிற இடம் கண்ணில் படுவதில்லை. யாரோ வெளியாள் வந்து, கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டால்தான் படுகிறது. அந்தக் கண்ணாடிச் சட்டம் எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

சற்று நேரத்தில் டில்லியின் வேன் திரும்பி வந்தது. ஒரு குழந்தைகூட இறங்கியிருக்கவில்லை. வீட்டு ஆள் வந்து நோட்டில் கையெழுத்துப் போடாமல் கன்னியம்மா யாரையும் இறக்கமாட்டாள். ஒல்லியான சார் சட்டையெல்லாம் மிட்டாய் ஒட்டிக்கொண்டு இறங்கி, "மேடம், வண்டி விஷயத்துல குறை ஒண்ணும் இல்ல" என்றார். டில்லி என் காதில், "மாமா, ஆபீசரு பின்னால குந்திகினு கீறாருன்னு எனக்கு இன்னா தெரியும். வேல போச்சா?" என்றான். எனக்கும் அதே கேள்விதான் இருந்தது.

வேலை போகவில்லை. அங்கீகாரமும் கிடைக்கவில்லை. ஒரு மாதம் நிறுத்தி வைத்தார்கள். அறிக்கையில் குறைகளை வரிசையாக எழுதி, சரிசெய்தால் மறுபடி வந்து பார்ப்போம் என்றார்கள். ஆபத்துக்கு அடிக்கும் சத்தமும் வீட்டுக்குப் போகும் மணியும் வேறு வேறாக இருக்கவேண்டும். முதலில் சிக் ரூமைப் பார்க்கவேண்டும். எந்தப் பிள்ளை யாருடன் போகிறது என்று பதிவேடு வேண்டும். (அதை நான் சொல்ல, தர்ஷினி எழுதினாள்.) கடைசி வரி என்னைப் பற்றியது. மணி அடிக்கும் பணியாளருக்குப் பயிற்சி கொடுத்து, அதற்கான சான்றைக் கோப்பில் சேர்க்கவேண்டும்.

அந்த ஒரு மாதம் தர்ஷினி என்னிடம் தேவைக்குமேல் பேசவில்லை. செல்வி பஸ் நேரம் விசாரிக்கவும் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வந்து ஒரு நாள் முழுக்க எனக்கும் கன்னியம்மாவுக்கும் டிரைவர்களுக்கும் பயிற்சி கொடுத்தார். முடிவில் எனக்கு ஒரு சான்றிதழ். அதன் ஒரு நகல் கோப்பில் இருக்கிறது. அசலை செல்வி லேமினேட் செய்து வீட்டில் மாட்டிவிட்டாள்.

குழு மறுபடி வந்தது. இந்த முறை மாற்று பேட்டரி என் சட்டைப் பையில் இரண்டு, டில்லியின் பையில் இரண்டு. அதிகாரி அம்மா தீ வைத்தார், மைக் அலறியது, நான் முதலில் சிக் ரூமுக்கு ஓடினேன். கட்டிலில் யாரும் இல்லை. கட்டிலுக்கு அடியிலும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். புங்கமரத்தடியில் ஒன்பதாம் வகுப்பில் இருபத்திரண்டு பேர் நின்றார்கள். இரண்டு வாரம் கழித்து அங்கீகாரம் வந்தது. அடுத்த வருஷம் தர்ஷினி எங்கள் பள்ளியின் பெயரிலேயே பத்தாம் வகுப்பு எழுதினாள். ஹால் டிக்கெட் வந்த அன்று அதை என் கையில் கொடுத்து, "பாத்துக்கோப்பா, ஆனா எதையும் அழுத்தாத" என்றாள். அதுதான் சமாதானம்.

இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். சேரும்போது விண்ணப்பத்தில் தந்தையின் கல்வித் தகுதி என்ற இடத்தில், 'ஐந்தாம் வகுப்பு, மணி அடித்தலில் சான்றிதழ்' என்று எழுதிவிட்டாள். அலுவலகத்தில் ஒருவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு என்னை எழுந்து நின்று பார்த்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஊரிலும் விடவில்லை. போன மாதம் டில்லியின் குழந்தைக்கு மொட்டை போட அம்மன் கோயிலுக்குப் போயிருந்தோம். தீபாராதனை நேரம். பூசாரிக்குக் கை ஒழியவில்லை, மணிக்கயிற்றுக்குப் பக்கத்தில் நான்தான் நின்றிருந்தேன். சும்மா பழக்கத்தில் கையை நீட்டினேன். பின்னாலிருந்து டில்லி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வாணாம் மாமா. அம்மன் எழுந்து வூட்டுக்குப் போயிடும்."

மாசி மாதம், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை.